மூன்றாம் எண் தொட்டியில் நடந்தது

நோங் கா ஸ்டேஷன் பின்தெரு,
புரிராம் மாவட்டம்.
புத்த ஆண்டு 2565, அக்டோபர் 20, வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் திரு. விச்சியன் அவர்களின் சமூகத்திற்கு,

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ப்ரயூன் எழுதிக்கொள்வது. இங்கே மழை விட்டு வாடைக்காற்று தொடங்கிவிட்டது. அங்கே சந்தபுரியில் தங்கள் துரியன் நாற்றுகளும் தங்கள் இடது முழங்காலும் இந்தப் பருவமாற்றத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். நமக்குள் ஓராண்டாகப் பேச்சுவார்த்தை கிடையாது என்பதை நான் மறக்கவில்லை. இது பேச்சு அல்ல, அறிக்கை. ஆகவே தாங்கள் இதைப் படிப்பதால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.

பொருள்: தாங்கள் ஜூலை மாதம் அனுப்பிவைத்த, தொட்டியில் மண்ணும் உரமும் அடுக்கும் முறை. அதனால் இவ்வீட்டில் விளைந்த சேதங்கள். இனி எதையும் அனுப்ப வேண்டாம் என்பது. லோய் கிராதோங்குக்கு விளக்கு மிதக்கவிடத் தாங்கள் இங்கே வரவேண்டிய அவசியமில்லை என்பது.

முதலில் தங்கள் தங்கை சம்லீயின் நிலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தாங்கள் அந்தப் பத்தியைத்தான் தேடுவீர்கள். ஏப்ரலில் ஆறாவது மருந்தேற்றம் முடிந்தது. புற்றுநோய் அடங்கியிருக்கிறது, இனி உடம்பைத் தேற்றுவது உங்கள் பொறுப்பு என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். உடம்பு தேறவில்லை. ஜூன் மாதம் தராசில் ஏறியபோது முப்பத்தெட்டு கிலோ. ஒரு நாளைக்கு அரிசிக் கஞ்சி மூன்று கரண்டி, அதுவும் என் முகத்துக்காக. அவள் கட்டிலை முற்றத்து ஜன்னலோரம் போட்டேன். நாள் முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பாள். மாவட்ட ஆஸ்பத்திரியின் நாட்டு மருத்துவப் பிரிவில் இருந்த ஓர் அம்மாள், கோழிச்சாற்றில் இரண்டு மூன்று கஞ்சா இலை போட்டுக் கொடுத்துப் பாருங்கள், சிலருக்குப் பசி வரும், தூக்கம் வரும், அளவு மீறக்கூடாது என்றாள். சட்டம் அப்போதுதான் தளர்ந்திருந்தது. மூன்று கன்றுகள் வாங்கிவந்தேன். அரசாங்கம் சொன்னபடி போனில் பதிவு செய்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கஞ்சாத் தொட்டி இருக்கிறது, பதிவு செய்தவன் நான் ஒருவன்தான். தொட்டிகளுக்கு வெள்ளைப் பெயிண்டால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் இட்டேன். மூன்று கன்றும் பத்தே நாளில் மஞ்சளாகிவிட்டன. இந்தச் செய்தியைச் சம்லீ எனக்குத் தெரியாமல் தங்களுக்குப் போனில் சொல்லியிருக்கிறாள்.

உடனே தங்கள் தாள் வந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், வணக்கம் கிடையாது, கையெழுத்து கிடையாது, எட்டே வரி. கீழே நறுக்கிய தேங்காய் மட்டை நான்கு விரல். அதன்மேல் கருக்கிய உமி இரண்டு விரல். அதன்மேல் வயல் மண். பிறகு ஆறிய எருமைச் சாணம். பிறகு கறையான் புற்று மண். பிறகு மக்கிய தூங்குமூஞ்சி இலை. எல்லாவற்றுக்கும் மேலே வைக்கோல். எட்டாவது வரி: ஒவ்வோர் அடுக்கையும் மெல்ல அமுக்கி, வாரம் ஒருமுறை மீன் ஊறிய தண்ணீர் விடவும். இவ்வளவுதான். முப்பது வருஷம் நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர் எழுதும் குறிப்பா இது? மெல்ல என்பது ஓர் அளவா? ரயில்வேயில் 'வண்டியை மெல்ல விடு' என்று நான் எழுதினால் என் சீட்டு கிழிந்திருக்கும். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் எழுத வேண்டும்.

சரி, கட்டளை கட்டளைதான் என்று பொருள் சேகரிக்கத் தொடங்கினேன். உமியைக் கருக்குவதற்காக முற்றத்தில் மூட்டம் போட்டேன், புகை தெருவை மூடிவிட்டது, பக்கத்து வீட்டுக் கம்பூன் அம்மாள் காயப்போட்டிருந்த துணி முழுக்கக் கரி படிந்தது, ஊர்த் தலைவர் தோங்பை வாளியோடு ஓடிவந்து, என்ன ஏது என்று கேட்காமல் என் தலையிலும் உமியிலும் தண்ணீரை ஊற்றினார், மறுபடி முதலிலிருந்து கருக்க வேண்டியதாயிற்று. தூங்குமூஞ்சி மரம் இந்த ஊரில் ஸ்டேஷன் வாசலில் மட்டும்தான் இருக்கிறது. பதினோரு வருஷம் நான் பச்சைக்கொடி காட்டிய அதே பிளாட்பாரத்தில், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இலை கூட்டினேன். நாலரை மணி வண்டியிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம், மாஸ்டரய்யாவுக்கு என்ன கஷ்டமோ" என்று சொல்லி ஒட்டும் அரிசிச் சோற்றுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். நான் விளக்கம் சொல்வதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. அந்தச் சோற்றைத் தின்றேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பசிதான்.

புற்று மண்தான் பெரும்பாடு. கம்பூன் அம்மாள் வீட்டுக்குப் பின்னால் வரப்போரம் இருக்கும் கறையான் புற்று, ஆள் உயரம், ஏழு வண்ணத் துணி சுற்றி, புற்றுத் தாத்தா என்று ஊரே கும்பிடுவது. அதில் மண்வெட்டி வைக்க முடியுமா? ஆனால் ஊரில் வேறு புற்று இல்லை. ஆகவே முறைப்படி விண்ணப்பம் எழுதினேன். மூன்று நகல்கள்: ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று ஊர்த் தலைவருக்கு, ஒன்று என் கோப்புக்கு. ஊதுபத்தி ஏற்றி, சிவப்பு சோடா ஒரு பாட்டில் உறிஞ்சுகுழலோடு வைத்து, விண்ணப்பத்தை உரக்கப் படித்து, நகலைப் புற்றின் வாயில் செருகினேன். காரணம் என்ற இடத்தில் 'மனைவி சாப்பிட மறுக்கிறாள்' என்று எழுதியிருந்தேன். அந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டியதாயிற்று. கம்பூன் அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் லாட்டரிக்காகவே உயிர்வாழும் பெண் என்பது தங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ஆனாலும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. மூன்று கூடை எடுத்தேன். அந்த மூன்றையும் மூன்றாம் எண் தொட்டிக்கே வைத்தேன், ஏனென்றால் அந்தக் கன்றுதான் மூன்றில் மிக நோஞ்சான். மற்ற இரண்டுக்கும் அந்த இடத்தில் வயல் மண்.

அடுக்கினேன். அடிக்கோல் வைத்து அளந்து அடுக்கினேன். அமுக்குவது என்று வந்தபோது, மெல்ல என்பதற்கு அளவு இல்லாத காரணத்தால், எனக்குத் தெரிந்த முறையைக் கையாண்டேன். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போட்டால் திமிசுக் கட்டையால் இறுக்காமல் விடமாட்டார்கள், இறுக்காத ஜல்லியின்மேல் வண்டி ஓடினால் கவிழும். அடுக்குக்கு முப்பது இடி. ஏழு அடுக்கு, மூன்று தொட்டி, மொத்தம் அறுநூற்று முப்பது. முடித்தபோது மண்ணைத் தட்டினால் டங் என்று கேட்டது. ஜன்னலில் இருந்து சம்லீ, "என்னங்க, செடி வெக்கிறீங்களா, பாலம் கட்டுறீங்களா?" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அது, அதனால் எனக்குக் கோபம் வரவில்லை.

முதலாம் எண் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் இறங்கவேயில்லை. ஆறு நாள் அப்படியே குளம் மாதிரி நின்றது, அதில் தவளை ஒன்று குடியேறியது, கன்று அழுகியது. இரண்டாம் எண்ணுக்குத் தாங்கள் சொன்ன மீன் ஊறிய தண்ணீர். மச்சான், நீங்க கடலோரம் போய் முப்பது வருஷம் ஆச்சு, இங்கே மனுஷன் வீட்டில் ஊறிக்கொண்டிருக்கும் மீன் என்றால் அது சட்டியில் உப்புப் போட்டு வைத்திருக்கும் பிளா ரா ஒன்றுதான் என்பது மறந்துபோச்சா? நல்ல பிளா ரா, எட்டு மாதம் ஊறியது, பப்பாளிக்காய்ப் பச்சடியில் போட வைத்திருந்தது, மூன்று கரண்டி கலந்து ஊற்றினேன். மறுநாள் காலை தெருவிலுள்ள பூனை பதினொன்றும் என் முற்றத்தில். செடி உப்பில் வெந்துபோயிருந்தது. கம்பூன் அம்மாள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "செடி செத்தாப் பரவாயில்ல மாஸ்டரய்யா, இந்த பிளா ராவை எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

மிச்சம் இருந்தது மூன்றாம் எண். அதற்கு மீன் தண்ணீர் விடவில்லை, பயந்துபோய் வெறும் தண்ணீர்தான். நான் அதைப் பார்க்கவே போகவில்லை என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் அந்த நாட்களில் தங்கள் தங்கை என்னைப் படுத்திய பாடு அப்படி. காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுவாள். "புளியங்கொழுந்து வேணும்." வாங்கிவருவேன், திரும்பிப் பார்க்கமாட்டாள். "அல்லித்தண்டு வேணும்." கொண்டுவருவேன், இப்ப வேணாம் என்பாள். ஆகஸ்ட் மாதம், கொட்டுகிற மழையில், சிவப்பெறும்பு முட்டை வேண்டும் என்றாள். கோடையில் கிடைப்பதை மழையில் எங்கே தேடுவது? மூன்று சந்தை அலைந்தேன், கடைக்காரிகள் சிரித்தார்கள், வெறுங்கையோடு பத்து மணிக்கு வந்து நின்றால், "பரவாயில்லங்க, நாளைக்குப் பாருங்க" என்கிறாள். இன்னொரு கவலையும் உண்டு. அவள் நகக்கண்களில் கறுப்பு விழுந்திருந்தது. மருந்தின் விளைவோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், சம்லீயும் சிரித்தாள். ஒரு நோயாளியின் நகத்தைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூன்றாம் எண் ஆகஸ்ட் நடுவில் பச்சை பிடித்தது. செப்டம்பரில் என் தோளுக்கு வந்தது. தண்டு என் கட்டைவிரல் தடிமன், இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிட அகலம். இந்த இடத்தில் கம்பூன் அம்மாள் திரும்பவும் நுழைகிறாள். ஒரு கன்று அழுகியது, ஒரு கன்று வெந்தது, புற்று மண் போட்டது மட்டும் மரமாக வளர்கிறது என்றால் என்ன அர்த்தம்? "தாத்தா இங்க குடிவந்துட்டாரு." முகப்பவுடர் டப்பாவோடு வந்து தொட்டியின் பக்கவாட்டில் பூசித் தேய்த்தாள், தேய்த்த இடத்தில் நாலும் எட்டும் தெரிகிறது என்றாள். எனக்கு ஒரு விரிசல் தெரிந்தது. செப்டம்பர் பதினாறாம் தேதி லாட்டரிக் குலுக்கலில் கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தெட்டு விழுந்துவிட்டது மச்சான். நான் என்ன செய்வேன்?

மறுநாள் காலை வாசலில் நாற்பது பேர். தொட்டிக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று துணி சுற்றிவிட்டார்கள். பவுடர் அப்பி அப்பி நான் எழுதிய மூன்று என்ற எண் மறைந்துவிட்டது. சிவப்பு சோடாவை வேரில் ஊற்ற வந்த ஒருவனைக் கையைப் பிடித்துத் தடுத்தேன். கூட்டம் கூடினால் ஒழுங்கு வேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறியது, ஆகவே தொட்டியைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டேன், கோட்டைத் தாண்டக் கூடாது, தரிசன நேரம் எட்டு முதல் பத்து, உள்ளே வரும் வழி இடப்பக்கம், வெளியேறும் வழி வாழைமரத்துப் பக்கம் என்று பலகை எழுதி வைத்தேன். பலகை வைத்ததும் கூட்டம் இரட்டிப்பாயிற்று. அரசாங்க அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது வருகிறேன் விஷயத்துக்கு. அக்டோபர் ஒன்பதாம் தேதி. சம்லீ அதற்கு முந்தைய நாள் இரண்டே கரண்டி கஞ்சி குடித்திருந்தாள். இலை முற்றிவிட்டது, இனி பறிக்கலாம் என்று நாட்டு மருத்துவ அம்மாள் சொல்லியிருந்தாள். எலுமிச்சைப்புல், சித்தரத்தை எல்லாம் நறுக்கி வைத்துவிட்டுக் கத்தரிக்கோலோடு முற்றத்தில் இறங்கினேன். ஒரே கூச்சல்.

"ஐயோ, யாரு மேல கத்தரி வைக்கிறீங்க! அது தாத்தாவோட கை!" கம்பூன் அம்மாள் மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து தொட்டியைக் கட்டிக்கொண்டாள்.

"கம்பூன் அக்கா, இது என் தொட்டி. பதிவு எண் இருக்கு."

"தொட்டி உங்களுது. உள்ள இருக்கிறவரு உங்களவரா? விண்ணப்பம் போட்டுக் கூப்பிட்டது நீங்கதானே? கூப்பிட்டு உக்காரவெச்சிட்டுக் கையை வெட்டுவீங்களா?"

ஊர்த் தலைவர் தோங்பையைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டைப் பையிலும் சீட்டு இருந்தது, எனக்குத் தெரிந்தது. "மாஸ்டரய்யா, கோவிச்சுக்காதீங்க. பதினாறாம் தேதி குலுக்கல் முடியட்டும். ஏழே நாள். அப்புறம் நீங்களாச்சு, செடியாச்சு. ஏழு நாள் பொறுத்தா என்ன குறைஞ்சிடப்போவுது?"

பொறுத்தால் என்ன குறைந்துவிடும். மச்சான், இதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் செப்டம்பர் ஒன்பதாம் தேதி, சமையற்கட்டு வாசலில் நின்று, சம்லீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ பண்ணுதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமா" என்றாள். நான் என் வெள்ளைச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். முப்பதாம் தேதி என் ஓய்வுபெறும் விழா. "மூணு வாரம் பொறு, விழா முடியட்டும், பொறுத்தா என்ன குறைஞ்சிடும்" என்றேன். அவள் சரி என்றாள். விழாவில் எல்லாருக்கும் பரிமாறினாள். அதற்கப்புறம் போய்த்தான் தெரிந்தது, கட்டி எவ்வளவு பெரியது என்று. ஆஸ்பத்திரி நடையில் நர்ஸுகள் முன்னால் நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னது ஒவ்வோர் எழுத்தும் நினைவிருக்கிறது: "ரயிலுக்கெல்லாம் நேரம் பாத்த ஆளு, என் தங்கச்சிக்கு நேரம் பாக்கலியே." நான் திரும்பிப் போனேன், ஒரு வருஷம் பேசவில்லை. நீங்கள் சொன்னது சரி. அதுதான் எனக்குக் கோபம்.

ஆகவே தோங்பை அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. உள்ளே போனேன். ஓய்வுபெறும்போது ஞாபகத்துக்காகக் கொடுத்த ஊதலையும் சிவப்புக் கொடியையும் எடுத்துவந்தேன். தொட்டிக்கு முன்னால் நின்று, மூச்சு முட்டுமட்டும் ஊதி, கொடியை விரித்துப் பிடித்தேன். "எல்லாரும் நில்லுங்க! ஒருத்தரும் நகரக் கூடாது! நான் பொறுக்கமாட்டேன்! ஏழு நாள் இல்ல, ஏழு நிமிஷம் பொறுக்கமாட்டேன்! எம் பொண்டாட்டி சாப்பிடல!" அறுபத்தோரு வயதில், அத்தனை பேர் முன்னால், சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பணிக்காலத்தில் ஒரு முறைகூட நான் சிவப்புக்கொடி காட்டி வண்டியை நிறுத்தியதில்லை.

அப்போது சனம் விலகியது. பார்த்தால் சம்லீ. கட்டிலில் இருந்து எழுந்து, படியிறங்கி, யாரையும் பிடிக்காமல், செருப்புக்கூடப் போட்டுக்கொண்டு நடந்து வருகிறாள். இரண்டு மாதமாகக் கழிப்பறைக்குக்கூட என் தோளைப் பிடித்துக்கொண்டு போனவள். நான் கொடியைக் கீழே போட்டுவிட்டேன்.

"கம்பூன் அக்கா, கொஞ்சம் நகருங்க. தாத்தா விடியக்காலையில கனவுல வந்தாரு. 'சம்லீ, நான் வாசல்ல நின்னுக்கிட்டிருக்கேன், நீ சாப்பிடாமக் கிடக்கிற, எனக்கு வெட்கமா இருக்கு'ன்னு சொன்னாரு."

கம்பூன் அம்மாள் தொட்டியை விட்டாள். "என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"வெள்ளைச் சட்டை."

"பொத்தான் எத்தனை?"

"அஞ்சு."

பின்னாலிருந்து யாரோ எழுதிக்கொண்டார்கள். சம்லீ கத்தரிக்கோல் கேட்கவில்லை, நகத்தாலேயே மூன்று இலையைக் கிள்ளினாள். ஒவ்வோர் இலையிலும் எத்தனை விரல் என்று கூட்டமே எண்ணியது: ஏழு, ஒன்பது, ஏழு. எண்ணி முடித்ததும் அந்த எண்ணில் சீட்டு வாங்க வாசல் காலியாகிவிட்டது, கம்பூன் அம்மாள் ஒருத்தியைத் தவிர. அவள் போய்த் தன் கூண்டிலிருந்து ஒரு பெட்டைக் கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். "முட்டையிடுற கோழி. இருந்தாலும் போவட்டும், நல்லா கொதிக்கவிடுங்க" என்றாள். அவள்மேல் எனக்கு இனி எந்தப் புகாரும் இல்லை, துணியில் கரி படிந்ததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

சாறு வைத்தேன். சம்லீ முற்றத்திலேயே பாய் போடச் சொல்லி உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்து எண்ணினேன். இருபத்திரண்டு கரண்டி. அதற்கப்புறம் எண்ண முடியவில்லை, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, என்ன பாத்துக்கிட்டே இருக்கீங்க" என்றாள். அன்று மாலை ஆறு மணிக்குத் தூங்கியவள் காலை ஐந்துக்குத்தான் எழுந்தாள். பதினாறாம் தேதிக் குலுக்கலில் ஏழும் விழவில்லை, ஒன்பதும் விழவில்லை, ஐந்தும் விழவில்லை. மறுநாளே வரிசை கலைந்தது. இப்போது செடி எங்களுடையது. நேற்றுத் தராசில் ஏற்றினேன். நாற்பத்தொன்று.

ஆகவே இவ்வறிக்கையின் முடிவு. மூன்றாம் எண் தொட்டி செழித்தது அடுக்கினாலும், புற்று மண்ணாலும், குறிப்பாக அடுக்குக்கு முப்பது இடி என்ற என் முறையாலும்தான் என்பது உறுதியாகிறது. முதலாம் எண் தவளையாலும், இரண்டாம் எண் தங்கள் எட்டாவது வரியாலும் செத்தன. தங்கள் தாளில் 'மெல்ல' என்பதை அடித்துவிட்டு 'திமிசால் முப்பது' என்று திருத்திக்கொண்டால் தங்கள் துரியன் நாற்றுகளுக்கும் நல்லது. மற்றபடி தாங்கள் சிரமப்பட்டு வரவேண்டியதில்லை. இங்கே எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள் முழங்காலுக்கும், தங்கள் மரங்களுக்கும், தங்கள் வீட்டாருக்கும் புத்தர், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளின் அருளும், காவல் தெய்வங்களின் துணையும் நாளும் குறையாதிருக்க வேண்டிக்கொள்ளும்,

ப்ரயூன்,
ஸ்டேஷன் மாஸ்டர் (ஓய்வு).

பின்குறிப்பு:

அண்ணே, சம்லீ எழுதறேன். என்னைப் படிச்சுப் பாத்து ஒட்டச் சொல்லிட்டு அவர் தபால்தலை வாங்கப் போயிருக்காரு. அதுக்குள்ள வேகமா எழுதறேன், கோணலா இருந்தா கோவிச்சுக்காதே.

மூணாம் தொட்டியில அடுக்கே இல்லண்ணே. அவர் இடிச்ச இடியில அது செங்கல்லாப் போயிடுச்சு. ஜன்னல்லேருந்து அந்தக் கன்னு சாவறதை எத்தனை நாளைக்குப் பாத்துக்கிட்டிருக்கிறது? அவரைப் புளியங்கொழுந்து வாங்க அனுப்பிட்டு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினேன். கட்டிலிலேருந்து தொட்டிக்கு இருபத்தாறு அடி. முத நாள் பாதி வழியில உக்காந்துட்டேன். அப்புறம் தினமும். கரண்டிக் காம்பால குத்திக் குத்தி, அடியில இருந்த மட்டையை மட்டும் விட்டுட்டு, மேல எல்லாத்தையும் பொலபொலன்னு ஆக்கினேன். உமி, சாணம், இலை எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு. புற்று மண் உடையவே இல்ல, கட்டி கட்டியாப் பொறுக்கி வாழை அடியில போட்டேன். ஊரே பவுடர் பூசினது வெறும் சாணத்துக்குத்தான். கம்பூன் அக்காவுக்குத் தெரிஞ்சா அந்த வாழையை விடமாட்டா. எறும்பு முட்டை கேட்ட அன்னிக்குத்தான் வேலை ஜாஸ்தி, அவர் சீக்கிரம் வந்துடக் கூடாதேன்னு. நகத்துல இருந்தது மண்ணு, டாக்டர் கண்டுபிடிச்சுட்டாரு. கனவெல்லாம் பொய். பசி மட்டும் நிஜம். மண்ணைக் கிளறினாப் பசிக்குது அண்ணே, அந்தச் சாறுக்கு முந்தின வாரத்திலேருந்தே பசிதான். சாப்பிட்டா, திடீர்னு பசி எப்படி வந்துச்சுன்னு கேட்டு, நான் எழுந்து நடக்கிறது தெரிஞ்சு, வெளிய போவவிடாமப் பக்கத்துலயே உக்காந்துக்குவாரேன்னு அடக்கிக்கிட்டிருந்தேன். இதையெல்லாம் அவர்கிட்டச் சொல்லாதே. ஸ்டேஷனுக்குப் போய் அடுக்குக்கு முப்பது இடின்னு எல்லாருக்கும் பாடம் எடுக்கிறாரு, எடுக்கட்டும்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். மூணு வாரம்னு எழுதியிருக்காரே, அது தப்பு. நீ அன்னிக்கு நடையில கத்தினியே, அதுவும் தப்பு. வலி போன வருஷம் ஏப்ரல்லேயே வந்துடுச்சு அண்ணே. அஞ்சு மாசம் நான்தான் மறைச்சேன். முப்பத்தெட்டு வருஷ வேலை முடிஞ்சு மாலை போட்டுக்கிறப்ப அவர் முகத்தைப் பாக்கணும்னு ஆசை. அவர்கிட்டக் கேட்டது அந்த ஒரு நாள்தான், அதுவும் வலி தாங்காம. நீ திட்டினப்ப எனக்கு மயக்கம், அப்புறம் மருந்து, அப்புறம் சொல்லத் தைரியம் வரல. இந்த மனுஷன் ஒரு வருஷமா அதைத் தலையில தூக்கிக்கிட்டு எறும்பு முட்டை தேடி அலையறாரு.

வரவேண்டாம்னு எழுதியிருக்காரு, ஆனா காலண்டர்ல லோய் கிராதோங்குக்கு முந்தின நாள்ல நீ வர வேண்டிய ரயில் நம்பரைச் சிவப்பு மையில எழுதி வெச்சிருக்காரு. வா. நீ ஒரு பக்கம் உக்காந்துக்கோ, அவரை ஒரு பக்கம் உக்காரவெச்சு, அந்த அஞ்சு மாசத்தை நானே சொல்லிடறேன். தனியாச் சொல்ல என்னால ஆவாது.

செருப்புச் சத்தம் கேக்குது. ஒட்டிடறேன்.